தொழுதூர் தாண்டும் வரை

ஜனவரி 20, திங்கள்

ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இன்று முதல் அதற்கு வேலை வந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் இசக்கிராஜ் பதினோரு வருடம் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஆம்னி பஸ் ஓட்டினார். போன புரட்டாசியில் தொழுதூர் பக்கம் வண்டி நடுத்தடுப்பில் உரசியது. யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனாலும் அந்த வேலையை விட்டுவிட்டார். ஐப்பசியிலிருந்து பாளையங்கோட்டையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டுகிறார். பகல் வேலை. நிரந்தரம் ஆக்கப்போகும் நேரத்தில் தொழுதூர் விஷயம் நிர்வாகத்தின் காதுக்குப் போய்விட்டது. தூக்கத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் கடிதம் தந்தால் வேலை உண்டு; இல்லையென்றால் பிப்ரவரி பதினைந்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள்.

“எப்ப படுக்குறார், எப்ப எழுந்திரிக்கிறார், பகல்ல எங்கயாவது கண்ணசருறாரா, மூணு வாரம் எழுதிக் கொண்டாங்க,” என்றார் டாக்டர் ஜெரின். என்னைவிட வயதில் சின்னவர். “நீங்க முழிச்சிருந்து பாக்க வேண்டாம். காலையில அவர்கிட்ட கேட்டு எழுதுனா போதும்.”

“தூங்குனவருகிட்டயே கேட்டா சரியா வருமா டாக்டர்?”

“வரும்,” என்று சிரித்தார்.

எனக்கு நம்பிக்கையில்லை. பிழைப்பு இதில் இருக்கிறது. கேட்டு எழுதுவதைவிடப் பார்த்து எழுதுவது நல்லது. இங்கே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, டாக்டருக்கு வேண்டியதை மட்டும் தனித்தாளில் எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 21, செவ்வாய்

பத்து மணிக்குப் படுத்தார். ஐந்தேகாலுக்கு எழுந்தார். குறட்டை கொஞ்சம். ஒருமுறை புரண்டு படுத்தார். இன்னொருமுறை ஏதோ முணுமுணுத்தார், விளங்கவில்லை.

நான் நன்றாகவே தூங்கினேன். இடையிடையே பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாசியில் மூன்று கல்யாணம். எட்டு ரவிக்கைக்குத் துணி வந்து கிடக்கிறது. லைனிங் துணியை நனைத்துக் காயப்போட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

எங்கள் தெருவில் இருக்கும் ரோஸ்லின்தான் அவருடைய பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. ஊக்கு கட்டக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தவள், டைரியைப் பார்த்துவிட்டாள்.

“யக்கா, மாப்பிள்ளைய தூங்க விட்டு கணக்கு எழுதுத மொத ஆளு நீதான்.”

அவளுக்கு என்ன தெரியும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களின் வீட்டில் தூக்கம் இரண்டு பேருக்குமே கிடையாது. கயத்தாறு தாண்டியதும் அவர் போன் போடுவார். இயர்போனைக் காதில் மாட்டியபடி பேசுவார். அடுத்தது திருமங்கலம், அதற்கடுத்தது துவரங்குறிச்சி. பெரம்பலூரிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை வைக்கவே மாட்டேன். ரோடு நேராக இருக்கும், வண்டிக் கூட்டம் குறையும், அங்கேதான் எல்லா டிரைவருக்கும் கண் செருகும். குழாயடிச் சண்டை, மகள் நிவேதா வாங்கிய மார்க், யார் ரவிக்கை யாருக்கு இறுக்கம் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் ‘ம்’ போடுவார். விடிந்து சென்னையில் நிறுத்திவிட்டு “வண்டிய போட்டாச்சு” என்று சொன்ன பிறகுதான் நான் கண்ணை மூடுவேன். அவருடன் ஓட்டிய எல்லா டிரைவர் வீட்டிலும் இதுதான் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இப்போது அவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். “வண்டிய போட்டாச்சு” என்று சொல்ல யாருமில்லை.

ஜனவரி 24, வெள்ளி

நல்ல தூக்கம் என்று எழுத முடியாது. இடையில் விழித்துவிட்டார்.

“ஏளா, என்ன பாக்க?”

“மூச்சு சீரா வருதான்னு பாத்தேன்.”

“வராட்டா ஆள் சொல்லி அனுப்புதேன். லைட்ட அணைச்சுட்டுப் படு.”

செல்போன் டார்ச்தான். முகத்தில் படாமல்தான் பிடித்திருந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

பஸ் எடுத்ததும் டிரைவர் போனை ஆயாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. காலையில் அது எனக்கு மறந்துபோனது. இரண்டு தடவை அடித்தேன். சமாதானபுரம் தாண்டிவிட்டாரா என்று கேட்கத்தான்.

சாயங்காலம் ரோஸ்லின் வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள். “ரெண்டு தடவையா? போன வாரத்துலருந்து தெனமும் என் பைக்குள்ள கெடந்து கத்துது யக்கா. எல்கேஜி பிள்ளைய அந்த ரிங்டோன பாட்டா படிக்குதுவ. யாரு பெத்தவங்க காதுலயாவது விழுந்துச்சுன்னா அண்ணன் சோலி முடிஞ்சுது.”

தினமும் அடித்ததாக எனக்கு நினைவில்லை. போனில் பார்த்தேன். இருந்தது.

ஜனவரி 29, புதன்

அவர் தூக்கம்: விட்டு விட்டு.

ஜனவரி 30, வியாழன்

மத்தியானம் மிஷினில் இருக்கும்போது போன் அடித்தது. எடுத்தால் யாரும் இல்லை. மறுபடி அடித்தது. நிவேதாவுக்குப் பரீட்சை விடுமுறை, பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, போன் அடிக்கல.”

“காதுல என்ன வச்சிருக்க நீ?”

“அடிக்கலம்மா. நேத்தும் இப்படித்தான் எடுத்த.”

அவளைத் திட்டிவிட்டேன். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளையைத் திட்டக்கூடாத வார்த்தை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு பட்டு ரவிக்கையை வெட்ட உட்கார்ந்தேன். முடித்துவிட்டு விரித்துப் பார்த்தால் இரண்டு கையும் இடது கை. இருபது வருடத் தையலில் இப்படி வெட்டியதில்லை. மணப்பெண்ணின் துணி. மிச்சத் துணியில் ஒட்டுப்போட்டால்கூட ஜரிகை சேராது. அரைமணி நேரம் இரண்டு இடது கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். துணிக்காக அவ்வளவு அழ வேண்டியதில்லை.

பிப்ரவரி 1, சனி

இது முக்கியம்.

அவர் தூங்குவதுபோல் நடிக்கிறார்.

எப்படித் தெரியும் என்றால், உண்மையான தூக்கத்தில் அவருக்கு வலது கைக் கட்டைவிரல் லேசாகத் துடிக்கும், கியரைத் தொடுவதுபோல. இன்றைக்கு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார், விரல் துடிக்கவில்லை. துண்டை எடுத்துப் பார்த்தேன். இமை இறுக்கமாக மூடியிருந்தது. “ஏங்க,” என்றேன். தோளைத் தொட்டேன்.

“தூங்குதேன் பகவதி,” என்றார் கண்ணைத் திறக்காமல்.

தூங்குகிறவர் அப்படிச் சொல்வாரா? எனக்காக நடிக்கிறார், நான் ‘நல்ல தூக்கம்’ என்று எழுத வேண்டும் என்பதற்காக. டாக்டரை ஏமாற்றலாம், என்னை முடியாது. பொய்க் கடிதத்தை வாங்கிக்கொண்டு நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாரா? இனி இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

நான் பயந்தது நடந்தது.

தைப்பூசத்துக்காகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியற்காலையிலேயே ரோட்டை நிறைத்து நடக்கிறார்கள். பச்சை வேட்டி, காவடி, கைக்குழந்தைகள். கேடிசி நகர் பக்கம் அவர்கள் கடப்பதற்காகப் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். கூட்டம் போய்விட்டது. பஸ் நகரவில்லை. பின்னால் ஹாரன். ரோஸ்லின் முன்னால் போய்ப் பார்த்தால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கண் திறந்திருந்ததாம்.

“அண்ணேன்னு தொட்ட பொறவுதான் முழிச்சாரு,” என்றாள். கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “யாருகிட்டயும் சொல்லல. ஆனா யக்கா, எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு. அதே பஸ்ஸுலதான் வருது.”

போன பிறகு திரும்பி வந்தாள். “அண்ணன் கண்ண பாத்தியா? மொளகா பழமாட்டம் இருக்கு. ராத்திரி வீட்டுல என்னதான் செய்யுதிய?”

“அவரு தூங்கல. நா எழுதி வச்சிருக்கேன்.”

“தூங்கலயா, தூங்க விடலயா?”

ரோஸ்லினுக்கு வாய் அதிகம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். டாக்டருக்கான தாளில் இது வேண்டியதில்லை.

தொழுதூரில் வண்டி உரசியபோது நான் போனில் இருந்தேன்.

குழாயடியில் குடத்தை மாற்றி வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் தாண்டியாச்சா என்றேன். ம். தூக்கம் வருதா என்றேன். ம். தண்ணி குடிங்க என்றேன். ம். எப்போதும் போடும் அதே ‘ம்’தான். கதை முடிவதற்குள் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. நீளமாகக் கேட்டது. பிறகு கண்ணாடி, பிறகு ஒரு குழந்தையின் அழுகை. அவர் குரல் மட்டும் கேட்கவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நிவேதா எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள். நெடுநேரம் கழித்து “எனக்கு ஒண்ணுமில்ல” என்றார்.

தூங்கிக்கொண்டே எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நான் அவரை விழிக்க வைத்திருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால்தான் இப்போது அவர் ‘ம்’ என்றால் எழுந்துபோய் முகத்தைப் பார்க்கிறேன். சாப்பிடும்போது சொன்னாலும் பார்க்கிறேன். இதில் தப்பு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5, புதன்

காலையில் வழக்கம்போலப் புறப்பட்டுப் போனவர் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சாவிய கொடுத்துட்டேன்.”

“யாருகிட்ட?”

“பிரின்சிபால் மேடத்துக்கிட்ட. ஒரு வாரமா ஒழுங்கா தூங்கல, பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். மாத்து டிரைவர் போட்டிருக்காவ. நா ஷெட்டுல வண்டி களுவுதேன்னு சொல்லியிருக்கேன். பதினஞ்சாந் தேதி வரைக்கும் பாப்பாவளாம்.”

“நா சொன்னேம்லா! தூக்கமில்லன்னு நா எழுதி வச்சது சரியாப் போச்சுலா!”

அவர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“பகவதி, நீ டார்ச்ச அடிச்சா முழிக்கேன். துண்ட உருவுனா முழிக்கேன். மூக்குல கை வச்சா முழிக்கேன். முழிச்சா நீ உக்காந்து எழுதிட்டு இருக்க. ஒனக்காகத்தான் கண்ண மூடிட்டுக் கெடக்கேன். நீ எழுப்பாம இருந்தா நா தூங்கிருவேன்ளா.”

“அப்ப கோளாறு எனக்குங்கியளா?”

அவர் பதில் சொல்வதற்குள் கையிலிருந்த கத்தரிக்கோலை எறிந்தேன். அவர்மேல் அல்ல, சுவரில். நிவேதா அறையிலிருந்து ஓடி வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போனதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் என்ன செய்துவிடுவேன் என்று நினைத்தாள் பிள்ளை?

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். தாளை மட்டும் கொண்டுபோனேன். டைரி வீட்டில்.

டாக்டர் தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். “இத அப்புறம் பாக்கலாம். பகவதி, நேத்து நீங்க எப்ப தூங்குனீங்க?”

“நா நல்லாத்தான் தூங்குதேன்.”

“அம்மா தூங்கல,” என்றாள் நிவேதா. “தீவாளிக்கு முன்னாடியிலருந்து தூங்கல. போன் அடிக்காமயே எடுக்கா. சோத்த அடுப்புல வச்சுட்டு நிக்கா. எனக்கு வீட்டுக்கு வரவே பயமா இருக்கு டாக்டர்.”

அவள் அழவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல் சொன்னாள். இதை எத்தனை நாளாக யாரிடம் சொல்வதென்று வைத்திருந்தாளோ.

டாக்டர் நிறையக் கேட்டார். தொழுதூரில் போன் வழியாகக் கேட்ட சத்தத்தையும் சொன்னேன். இப்போதும் காதில் விழுகிறதா என்றார். மிஷின் ஓடினால் விழும் என்றேன். அதனால்தான் சில நாள் மிஷினே ஓட்டுவதில்லை என்றும் சொன்னேன். அதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

“அவருக்குக் கோளாறு எதுவும் எனக்குத் தெரியல,” என்றார் டாக்டர். “ராத்திரி வேலை போச்சு, அவர் உடம்பு பழகிருச்சு. உங்க உடம்பு இன்னும் அந்த பஸ்ஸுலயே இருக்கு. தூக்கம் இப்படிக் கெட்டா மனசும் கெடும். மனசு கெட்டா தூக்கம் இன்னும் கெடும். இதுக்கு வைத்தியம் இருக்கு. ஒரே நாள்ல சரியாகாது. வாரம் ஒரு தடவை வந்து பேசணும். சின்னதா ஒரு மாத்திரை தர்றேன்.”

“கடிதம்?” என்று நான்தான் கேட்டேன்.

“ஒரு வாரம் யாரும் எழுப்பாம அவர் தூங்கட்டும். அப்புறம் தர்றேன்.”

ஆக, நான் தூங்கினால்தான் அவருக்குச் சாவி. கடையில் கிடைக்கிற பொருளா தூக்கம், போய் வாங்கி வர?

பிப்ரவரி 8, சனி

அவரும் நிவேதாவும் முன்னறையில். நான் உள்ளே. என் போனை நிவேதா வாங்கி வைத்துக்கொண்டாள்.

தூங்க வேண்டும் என்று படுத்தேன். தூங்க வேண்டும் என்று நினைத்தாலே விழிப்பு வந்துவிடுகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் குறட்டையைக் கேட்டேன். திறக்கவில்லை. கைப்பிடியில் கை இருந்தது. ஆனால் திறக்கவில்லை. இதை எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்றுப்போலத்தான். அவர் தூங்கினாராம். முகம் தெளிந்திருக்கிறது. என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவில்லை.

இன்னும் ஆறு நாள்.

பிப்ரவரி 10, திங்கள்

இதை இரவு உணவுக்குப் பிறகு எழுதுகிறேன்.

காலையில் நிவேதா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பதினோரு மணி இருக்கும், போன் அடித்தது. எடுக்கவில்லை. அடிக்காத போனை எடுத்து எடுத்து வெட்கமாகிவிட்டது. ஆனால் திரையில் அவர் பெயர் இருந்தது.

“எங்கன இருக்கிய?” பதினோரு வருடமாக அதுதான் என் முதல் கேள்வி. தானாக வந்துவிட்டது.

“வண்ணார்பேட்ட. ஆள் ஏத்திட்டு இருக்கேன்.”

“என்னது?”

“சென்னைக்கு ஆள் ஏத்துதேன்னு சொல்லுதேன். சீட்டு பூராம் ஃபுல்லு. கடேசி சீட்டுல ஒரு பொம்பள பலாப்பழத்தோட வந்து நிக்கா, எறக்கவா ஏத்தவா?”

பின்னால் காக்கா கத்தியது. யாரோ பக்கெட்டை நகர்த்தினார்கள். ஷெட்டில் நிறுத்திய பள்ளிக்கூடப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார் என்று விளங்கியது.

“வெயில்ல என்ன வெளையாட்டு இது?”

“ஏளா, பாய விரிச்சுப் படு. போன காதுல வச்சுக்க. இத்தன வருசம் நீ பேசுன. இன்னைக்கு நா பேசுதேன், நீ ‘ம்’ மட்டும் போடு. முழிச்சிருக்கது என் பாடு.”

“நா தூங்கிட்டா?”

“பாசஞ்சர் தூங்கத்தான் செய்வாவ.”

படுத்தேன். வெட்கமாக இருந்தது. பலாப்பழத்தை டிக்கியில் போட்டதாகச் சொன்னார். தாழையூத்தில் ஒரு ஆளை ஏற்றினார். கயத்தாறு டோல்கேட்டில் சில்லறைக்குச் சண்டை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க ஒருவர் இறங்கி ஏறத் தாமதம், பலாப்பழக்காரி திட்டுகிறாள். ம் என்றேன். சாத்தூர், விருதுநகர். திருமங்கலம் வந்ததும் வழக்கம்போல எனக்குக் கண் கூர்மையாயிற்று. அவருக்கும் தெரிந்திருக்கிறது, அங்கே மெதுவாகச் சொன்னார். மதுரையைச் சுற்றிக்கொண்டு போனோம். துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தினார். “நீ எறங்காண்டாம், படு,” என்றார். திருச்சிப் பாலத்தில் காற்று. சமயபுரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். ம். பாடாலூர். ம். என் ‘ம்’ எனக்கே தள்ளிக் கேட்டது.

“பெரம்பலூர் வந்துட்டு,” என்றார். “முழிச்சிருக்கியளா?” என்று கேட்டேன்.

“முழிச்சிருக்கேன். ரோடு நல்லா தெரியுது.”

இதற்கு மேல் நடந்ததைப் பார்த்து எழுதவில்லை. கேட்டு எழுதுகிறேன்.

‘ம்’ நின்றுவிட்டதாம். மூச்சு மட்டும் கேட்டதாம். அவர் வைக்கவில்லை. மத்தியானம் எல்கேஜி பிள்ளைகளைக் கொண்டுபோக வந்த ரோஸ்லின் அவரைப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நிக்க வண்டியில ஒத்தையா உக்காந்து ‘செங்கல்பட்டு தாண்டியாச்சு’ங்காரு யக்கா. மண்ட கலங்கிட்டோன்னு பயந்துட்டேன். அண்ணேன்னேன். வாயில வெரல வச்சு, பேசாதேங்காரு.”

“நாந்தான் தூங்கிட்டேன்லா, வச்சிருக்கலாமே?” என்று அவரிடம் கேட்டேன்.

“பாதி ரோட்டுல எறக்கிவிட முடியுமா?” என்றார். சென்னையில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை கொண்டுபோய், “வண்டிய போட்டாச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாராம்.

நிவேதா வந்து கதவைத் தட்டியபோதுதான் எழுந்தேன். கன்னத்தில் பாயின் வரி பதிந்திருந்தது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு மத்தியானத் தூக்கம்தான். வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். கடிதம் கிடைக்குமா என்று தெரியாது. இரண்டு இடது கை அப்படியே கிடக்கிறது.

பெரம்பலூர் வரை நினைவிருக்கிறது. தொழுதூர் வந்தது எனக்குத் தெரியாது.